குழாய் வந்த ஊரும் ஊற்று திரும்பிய ஊரும்

கஞ்சம், அல்வர்: ஓர் ஒப்பாய்வு

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு விதி வந்தது. ஊரின் கடைசி வீட்டுக் கழிப்பறையும் குளியலறையும் கட்டி முடியும்வரை முதல் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் திறந்துவிடமாட்டார்கள். ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில், அர்வரி ஆற்றங்கரைக் கிராமங்கள் வேறொரு விதியை வகுத்துக்கொண்டன. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் கரும்பும் நெல்லும் பயிரிடக்கூடாது.

முதல் விதி தண்ணீர் வருவதற்கு முன்பு போட்டது. இரண்டாவது, தண்ணீர் வந்த பிறகு போட்டது. இரண்டுக்கும் உட்பட்டவர்கள் ஏழைகள். குடிக்கக் கையளவு நல்ல தண்ணீருக்காகப் பல மணி நேரம் அலைந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஏன் இவ்வளவு கடுமையான கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்வியே இந்த இரண்டு அனுபவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டியது.

ஒப்பிடுவதற்குப் பொதுத்தளம் உண்டு. ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம். இரண்டு இடங்களிலும் வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்தினார்கள். இரண்டு இடங்களிலும் ஊர் தன் பங்கைப் போட்டாக வேண்டும் என்றார்கள். வேறுபாடு, ‘தண்ணீர்ப் பிரச்சினை’ என்று அவர்கள் எதைக் கருதினார்கள் என்பதில் இருக்கிறது.

வந்தவர்கள் கற்ற பாடம்

ஜோ மடியத் கேரளத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழக மாணவர் பேரவைத் தலைவராக இருந்தவர். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துக்கு வந்து குவிந்த அகதிகளுக்கு உதவ, தமிழ்நாட்டிலிருந்து மாணவர் படையொன்றைத் திரட்டிக்கொண்டு போனார். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒடிசாக் கரையைப் பெரும் புயல் தாக்கியது. மாணவர்களில் ஒரு பகுதியினர் அங்கே நகர்ந்தார்கள். புயல் வேலை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்ப, சிலர் மட்டும் தங்கிவிட்டார்கள். மடியத் அவர்களில் ஒருவர். 1979 ஜனவரியில் ‘கிராம் விகாஸ்’ அமைப்பு பதிவானது. பெர்ஹாம்பூருக்குப் பக்கத்தில் உள்ள மொகுடா அதன் தலைமையிடம்.

1980களில் அவர்களுடைய பெரிய வேலை சாண எரிவாயு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எரிவாயுக் கலன்களை ஒடிசாவெங்கும் கட்டினார்கள். அத்தனை வீடுகளுக்குள் போய்வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது: இந்த ஊர்களில் வரும் நோய்களில் மிகப்பெரும் பகுதி குடிக்கும் தண்ணீராலும் வெளியில் கழிக்கும் மலத்தாலும் வருகிறது. 1992இல் ஐந்து கிராமங்களில் புதிய முயற்சியைத் தொடங்கினார்கள். ஐந்திலும் சேர்த்து 337 குடும்பங்கள்.

ராஜேந்திர சிங் உத்தரப் பிரதேசத்துக்காரர், ஆயுர்வேதம் படித்தவர். ஜெய்ப்பூரில் பார்த்த அரசு வேலையை விட்டுவிட்டு, 1985 அக்டோபர் 2ஆம் நாள் நான்கு நண்பர்களோடு அல்வர் மாவட்டத்தின் தானாகாஜிப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அவர்களுடைய அமைப்பின் பெயர் ‘தருண் பாரத் சங்’. வைத்தியம் பார்ப்பதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் அவர் எண்ணம். கோபால்புரா கிராமத்தில் ஒரு முதியவர் அதைத் திருத்தினார். மருந்தும் படிப்பும் இருக்கட்டும், முதலில் தண்ணீருக்கு வழி பண்ணு, மண்வெட்டியை எடுத்துத் தூர்ந்துபோன ‘ஜோஹட்’ குளத்தைத் தோண்டு என்றார். இந்த நிகழ்ச்சியை ராஜேந்திர சிங் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஒருவர் எரிவாயுக் கலன் கட்டிக்கொண்டிருந்தார், மற்றவர் மருந்தோடு வந்தார். இருவரையும் தண்ணீர் பக்கம் திருப்பியது ஊர்தான். அந்தத் திருப்பத்துக்கு இடம் கொடுத்ததே அவர்களுடைய முதல் தகுதி.

அழுக்குத் தண்ணீர், ஓடிப்போகும் தண்ணீர்

கஞ்சத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். ஊருக்கு ஊர் குளமும் உண்டு. ஆனால் அந்த ஒரே குளத்தில்தான் மாடு குளிக்கும், துணி துவைப்பார்கள், பல் துலக்குவார்கள், பாத்திரம் கழுவுவார்கள். கரையோரப் புதர்தான் கழிப்பறை. மழை பெய்தால் அதுவும் குளத்துக்குள் வந்து சேரும். இருக்கிற தண்ணீரே நோயைக் கொடுப்பதுதான் அங்கே பிரச்சினை.

அல்வரில் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள், சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆரவல்லி மலைகளின் காடு வெட்டப்பட்டு மொட்டையானதால், பெய்த மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடியது. கிணறுகள் வற்றின. நிலத்தடி நீர் அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்ட ‘இருண்ட மண்டலம்’ என்று அரசே அப்பகுதியை வகைப்படுத்தியிருந்தது. அங்கே பிரச்சினை, தண்ணீரே இல்லாதது.

ஆகவே மருந்தும் வேறானது. கஞ்சத்துக்காரர்கள் தண்ணீரை மனிதக் கழிவிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. அல்வர்க்காரர்கள் தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்க வேண்டியிருந்தது.

ஜோஹட் என்பது நம் ஊருணிக்கும் ஏந்தலுக்கும் உறவு. சரிவான நிலத்தில், மழைநீர் ஓடிவரும் வழிக்குக் குறுக்கே, மூன்று பக்கம் பிறைபோல வளைந்த மண்கரை. மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். உள்ளே தோண்டிய மண்ணையே கரையில் போட்டு மிதித்து இறுக்குவார்கள். தேங்கும் தண்ணீர் சில மாதங்களில் மண்ணுக்குள் இறங்கிவிடும். வெளியூர்க்காரர் பார்த்தால் குளம் வற்றிவிட்டது என்று நினைப்பார். உள்ளூர்க்காரர் கீழே உள்ள கிணற்றை எட்டிப் பார்ப்பார். ஜோஹட் வேலை செய்கிறதா என்பதற்கு அந்தக் கிணறுதான் சாட்சி.

கிராம் விகாஸ் முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை ஒன்று, குளியலறை ஒன்று, குழாய்கள் மூன்று: கழிப்பறையில், குளியலறையில், அடுக்களையில். ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. மலைக்கிராமங்களில் உயரத்தில் உள்ள ஊற்றிலிருந்து மின்மோட்டார் இல்லாமலேயே தண்ணீர் தானாக இறங்கிவரும். இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது இலக்கு. பட்டணத்திலேயே பல வீடுகளுக்கு அமையாத வசதி இது. ஏழைக்கு என்றால் மட்டமானது போதும் என்ற நினைப்பை உடைக்கவே இப்படி வைத்தோம் என்பது மடியத்தின் வாதம்.

எல்லா வீடும் சேர்ந்தால்தான்

கிராம் விகாஸின் நிபந்தனை, ஊரில் ஒரு வீடுகூட விடுபடக்கூடாது என்பது. ஒவ்வொரு குடும்பமும் சராசரியாக 1,000 ரூபாய் ஊர்ப் பொதுநிதிக்குத் தர வேண்டும். வசதியுள்ளவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் தரலாம். ஆனால் தராதவர் இருக்கக்கூடாது. அந்தப் பணம் வங்கியில் கிடக்கும். அதன் வட்டியில்தான், பிற்காலத்தில் தனிக்குடித்தனம் போகும் புதிய வீடுகளுக்குக் கழிப்பறையும் குழாயும் அமையும். அதாவது, இன்னும் பிறக்காத குடும்பத்துக்கும் பங்கு ஒதுக்கிய பிறகே வேலை தொடங்கும். கல், மண், மணல், உடலுழைப்பு எல்லாம் ஊர் தர வேண்டும். நிர்வாகக் குழுவில் ஆணும் பெண்ணும் சமபாதி.

இந்த நிபந்தனையால் பல ஊர்களில் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நூறு வீட்டில் தொண்ணூற்றெட்டு ஒத்துக்கொண்டு இரண்டு மறுத்தால், தொண்ணூற்றெட்டும் காத்திருக்க வேண்டும். பார்க்க அநியாயம்போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு வீடு வெளியில் போனால் அந்த அழுக்கு எல்லோருடைய தண்ணீருக்கும்தான் வரும். வழக்கமாக அந்த இரண்டு வீடு ஊரிலேயே மிக ஏழையான வீடாகவோ, ஒதுக்கி வைக்கப்பட்ட வீடாகவோ இருக்கும். அவர்களைச் சேர்க்காமல் தனக்குத் தண்ணீர் வராது என்று ஆனபோதுதான் மற்றவர்கள் அவர்கள் வாசலில் போய் நின்றார்கள்.

அல்வரில் பங்கு பெரும்பாலும் உழைப்பாக வந்தது. எங்கே கரை போடுவது என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மண் தாங்கும் என்பது ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. செலவில் கணிசமான பங்கை ஊரே வேலையாகச் செய்து கொடுக்க வேண்டும். அந்த உழைப்பைத் தராத ஊருக்கு அமைப்பு போகவில்லை.

பெண்ணின் ஒரு நாள்

ஒரு குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்றால் முப்பது கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் குறைந்தது நான்கு நடை. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே நோகும். அம்மா வயலுக்குப் போனால் அந்த நடை மகளுடையது. அவளுடைய பள்ளிக்கூடம் அங்கேதான் தொலையும்.

கஞ்சத்தில் அடுக்களைக்குள் குழாய் வந்தது இந்த நடையை அடியோடு நீக்கியது. ஆனால் பெண்களுக்கு அதைவிடப் பெரிய மாற்றம் குளியலறைதான் என்று நான் நினைக்கிறேன். அதுவரை குளக்கரையில், ஊர் பார்க்க, உடுத்திய சேலையோடு முங்கி எழுந்து, ஈரச்சேலையின் மேலேயே மாற்றுச் சேலையைச் சுற்றி, அடியில் உள்ளதை உருவ வேண்டும். மாதவிலக்கு நாள்களிலும் அதே கரைதான். நான்கு சுவரும் ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் கிடைத்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக உடம்பு முழுக்கத் தேய்த்துக் குளிக்க முடிந்தது. இருட்டும்வரை அடக்கி வைத்திருக்கும் வேதனையும் போயிற்று. எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் ஏறாத நன்மை இது.

அல்வரில் பெண்ணின் குடம் இறங்கவில்லை, நடை குறைந்தது. மைல் கணக்கில் நடந்தவர்களுக்கு ஊர்க் கிணற்றிலேயே தண்ணீர் கிடைத்தது. மாட்டுக்குத் தீவனமும் அடுப்புக்கு விறகும் பக்கத்தில் கிடைத்தன. சுமை லேசாயிற்று, ஆனால் சுமப்பவர் மாறவில்லை. இந்த ஓர் அம்சத்தில் கஞ்சம் தெளிவாக முன்னே நிற்கிறது.

வயலும் வயிறும்

பிழைப்பு என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கஞ்சத்தின் குழாய் வீட்டுக்குள் நின்றுவிட்டது. நோய்ச்செலவு மிச்சமாகும், வேலை நாள் கெடாது. ஆனால் வயல் பழைய வயல்தான். ஆண்கள் சூரத்துக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிப் போவது நிற்கவில்லை.

அல்வரில் கிணற்று மட்டம் ஏறியதும் கோதுமையும் கடுகும் திரும்பின. எருமை வளர்க்க முடிந்தது, பால் விற்றது. டெல்லிக்கும் அகமதாபாத்துக்கும் கூலிக்குப் போனவர்களில் பலர் திரும்பி வந்து தங்கள் நிலத்தை உழுதார்கள். அர்வரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பாவண்டா–கோல்யாலா கிராமங்கள் தொடங்கி நூற்றுக்கணக்கான சிறு கரைகள் எழுந்தன. 45 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு மழைக்காலம் முடிந்தால் மணலாகக் கிடந்தது. 1990களின் நடுவில் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அந்த வட்டாரத்துக்கே வந்து பாவண்டா–கோல்யாலா மக்களுக்கு விருது வழங்கினார். ராஜேந்திர சிங்குக்கு 2001இல் மகசேசே விருதும் 2015இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் கிடைத்தன.

ஆறு திரும்பியதும் சண்டையும் வந்தது. அதில் துள்ளிய மீனைப் பிடிக்க அரசு ஒப்பந்தக்காரரிடம் உரிமை கொடுத்தது. தண்ணீரை உண்டாக்கியது நாங்கள், மீன் மட்டும் உங்களுடையதா என்று ஊர்கள் எதிர்த்தன. அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்ததுதான் எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் சேர்ந்த ‘அர்வரி நாடாளுமன்றம்’. தொடக்கத்தில் சொன்ன கரும்பு–நெல் தடை அங்கே எழுந்ததுதான். மேலே இருப்பவன் கரும்பு நட்டால் கீழே இருப்பவன் கிணறு வற்றும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை; பல ஆண்டு வறட்சி கற்றுக்கொடுத்திருந்தது.

சாதியும் நிலமும்

கஞ்சத்தில் பெரிய எதிர்ப்பு பணத்தால் வரவில்லை, சாதியால் வந்தது. ஒரே தொட்டியில் ஏறிய தண்ணீர் தலித் வீட்டுக் குழாயிலும் நம் வீட்டுக் குழாயிலும் வருவதா என்று மேல்சாதியார் கேட்டார்கள். கிணற்றடியில் தள்ளி நின்று, யாராவது ஊற்றினால் ஏந்திக்கொண்டு போன பெண்ணின் அடுக்களையில் அதே தண்ணீர் அதே வேகத்தில் வரத்தொடங்கியது. சாதி அதனால் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் மிகக் கொடிய அன்றாடக் காட்சி ஒன்று அந்த ஊர்களில் முடிந்தது.

அல்வரில் இந்தச் சமன்பாடு அவ்வளவு எளிதல்ல. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் கிணறு உள்ளவனுக்கு அதிகம் கிடைக்கும், கிணறு இல்லாதவனுக்குக் கூலியாகவும் மேய்ச்சலாகவும்தான் கிடைக்கும். தண்ணீர் பொதுவானாலும் நிலம் பொதுவாகவில்லை. குழாய்க்குத் தலையெண்ணிக்கை அளவுகோல். நிலத்தடி நீருக்கு ஏக்கர்தான் அளவுகோல். ஏழ்மையைத் தண்ணீரால் மட்டும் போக்கிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

அளந்து பார்த்தவர்கள் சொன்னது

இரண்டு முயற்சிகளையும் வெளியார் அளந்திருக்கிறார்கள். எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கிராம் விகாஸ் பணியாற்றிய நூறு கிராமங்களைப் பார்த்தது. வயிற்றுப்போக்குக்குச் சிகிச்சை எடுக்க வேண்டிய நிலை 30 முதல் 50 விழுக்காடு குறைந்ததாகவும், ஐந்தாண்டுக்குப் பின்னும் அந்தப் பலன் நின்றதாகவும் சொன்னது. 2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதே திட்டத்தின் 45 கிராமங்களை வேறு 45 கிராமங்களோடு ஒப்பிட்டது. சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் தெளிவான குறைவை அது காணவில்லை. ஆனால் வயதுக்கேற்ற உயரத்தில் முன்னேற்றம் கண்டது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கிருமி பல வழியில் வரும். குழாய் ஒரு வழியைத்தான் அடைக்கிறது.

இவற்றோடு மூன்றாவது ஒன்றையும் வைக்க வேண்டும். அதே ஒடிசாவில், அரசின் முழுச் சுகாதார இயக்கம் கழிப்பறை கட்டிக்கொடுத்த ஊர்களை 2014இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தன. நோயில் மாற்றமே இல்லை. அந்தத் திட்டத்தில் கழிப்பறைக்குள் குழாய் இல்லை. எல்லா வீடும் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கடைசி வீட்டுக்காகக் காத்திருந்த கஞ்சத்து விதியின் அருமை இந்த ஒப்பீட்டில் தெரிகிறது.

அல்வரை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியராக இருந்த ஜி.டி. அகர்வால். 36 கிராமங்களின் கட்டுமானங்களைப் பொறியாளர் கண்ணோடு பார்த்து 1996இல் அறிக்கை தந்தார். குறைந்த செலவில் நிறைந்த பயன் என்றார். ஊர் மக்கள் போட்ட கரைகளைச் சட்டவிரோதம் என்று அதற்கு முன்பு பாசனத் துறை அறிவிப்பு அனுப்பியிருந்ததை நினைத்தால் இந்த அறிக்கையின் எடை புரியும். பிற்காலத்தில் அர்வரிப் படுகையில் நடந்த நீரியல் ஆய்வு, இந்தக் கரைகள் மழையில் சுமார் 7 விழுக்காட்டை நிலத்துக்குள் இறக்குகின்றன என்று கணித்தது. கரைகள் பெருகப் பெருக ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் போகும் நீர் குறையும் என்றும் எச்சரித்தது. மேலே தேக்கியதற்குக் கீழே ஒருவர் விலை கொடுக்கிறார். அதனால்தான் ஒரு தனி ஊரின் விதி போதாமல், ஆறு முழுவதற்குமான மன்றம் தேவைப்பட்டது.

ஒன்றிடம் இல்லாதது மற்றதிடம்

இரண்டு முயற்சிகளும் பின்னாளில் தனித்தனியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களை எட்டின. என் தீர்ப்பு இதுதான்: உடம்பையும் மானத்தையும் மீட்டதில் கஞ்சம் பெரியது, பிழைப்பையும் நிலத்தையும் மீட்டதில் அல்வர் பெரியது. ஆனால் கஞ்சத்துக் குழாய், ஊற்று வற்றினால் வெறும் இரும்பு. அல்வரின் கிணற்று நீர் நிறைந்திருந்தாலும், பரிசோதிக்காமல் குடித்தால் அது பாதுகாப்பானது என்பதற்கு உறுதியில்லை. ராஜஸ்தானின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஊற்றைக் காப்பதும் குழாய் போடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். நம் அரசுகளோ அவற்றை இரண்டு துறைகளிடம், இரண்டு கோப்புகளில், இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்கின்றன.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது, நாட்டின் கிராமப்புற வீடுகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டில்தான் குழாய் இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. அதன் பிறகு கோடிக்கணக்கான வீடுகளில் குழாய் பொருத்தப்பட்டிருக்கிறது. ஊருக்குள் ஆகும் செலவில் ஊர் மக்களின் பங்கு இருக்க வேண்டும் என்றும், தண்ணீரின் மூலத்தைக் காக்க வேண்டும் என்றும் அந்தத் திட்ட விதிகளிலேயே எழுதியிருக்கிறது. எழுதியதை நடத்திக்காட்டுவது ஊரின் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடுகிறது. அன்று உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் குழாய்க்கு வரும் தண்ணீர் எந்த மண்ணிலிருந்து வருகிறது, அந்த ஏரியையோ கண்மாயையோ கடைசியாகத் தூர்வாரியது எப்போது? இந்தத் தண்ணீரைக் கடைசியாகப் பரிசோதித்தது எந்தத் தேதியில்? ஊரில் இன்னும் குழாய் வராத கடைசி வீடு யாருடையது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.